கத்துக்கத்தானே வந்திருக்கீங்க?

தேவை: ஜூனியர் ஆர்க்கிடெக்ட். படிப்பு பி.ஆர்க். அனுபவம் தேவையில்லை, இரண்டாண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ரெவிட், லூமியன், வி-ரே, போட்டோஷாப், இன்டிசைன் அத்தனையும் கைவந்திருக்க வேண்டும். சைட்டுக்குப் போய்வர இரு சக்கர வாகனமும் வேலை செய்யச் சொந்த லேப்டாப்பும் அவசியம். நேரம் காலம் பார்க்காமல் உழைக்கும் ஆர்வம் மிக மிக அவசியம். சம்பளம்: இத்துறையின் வழக்கப்படி.

சென்னையிலும் கோவையிலும் இப்படித்தான் ஆள் எடுக்கிறார்கள். இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. கடைசி வரி இருக்கிறதே, அது சத்தியவாக்கு. ஐந்தாண்டு படித்துவிட்டு வாசலில் வந்து நிற்கும் பட்டதாரிக்கு மாதம் 15,000 ரூபாய் என்று கூசாமல் சொல்லும் அலுவலகங்கள் இன்றும் உண்டு. 20,000 சொல்பவர் வள்ளல். அந்தப் பட்டதாரி வரைந்த சுவரைப் பூசும் கொத்தனாரின் நாள் கூலி ஆயிரம் ரூபாயைத் தாண்டியாயிற்று. (அதுவே குறைவு, சித்திரை வெயிலில் சாரத்தில் நின்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.) சனிக்கிழமை சாயங்காலமானால் மேஸ்திரி கூலியை எண்ணிக் கையில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை சாரத்தில் ஆள் ஏறாது. ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் மாதம் பிறந்து பன்னிரண்டு நாளாகிச் சம்பளம் வராவிட்டாலும் ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

கொத்தனாரும் சொந்தக் கரணையோடுதானே வேலைக்கு வருகிறார் என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் லூமியன் ஓடுகிற லேப்டாப்புக்கு ஒரு லட்சம் ரூபாய் ஆகிறது. அப்பா தவணையில் வாங்கிக் கொடுத்தது. பையனின் முதல் ஆண்டுச் சம்பளத்தில் பாதி, சம்பளம் வாங்கத் தேவையான கருவிக்கே போய்விடும்.

நேர்காணலைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். அலுவலகம் அழகாக இருக்கும், அதைக் குறை சொல்ல முடியாது. பூசாத செங்கல் சுவர், சிவப்பு ஆக்சைடு தரை, காரைக்குடிப் பக்கம் இடித்த வீட்டிலிருந்து வாங்கி வந்த மரத்தூண் ஒன்று, அதனடியில் பூ மிதக்கும் பித்தளை உருளி. சுவரில் லாரி பேக்கரின் படம். குறைந்த செலவில் ஏழைகளுக்கு வீடு கட்டிய மனிதர் அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். கைத்தறிக் குர்தா அணிந்த பிரின்சிபல் ஆர்க்கிடெக்ட், எல்லோருக்கும் ‘சார்’, எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் போர்ட்ஃபோலியோவைத் திரையில் விரலால் தள்ளிக்கொண்டே போவார். ஓராண்டு உழைத்த தீசிஸ் ஒரு நொடியில் கடந்துபோகும்.

“இதென்ன, மீனவர் குடியிருப்பா? நல்லாருக்கு. லூமியன் வருமா?”

“வரும் சார்.”

“எவ்ளோ எதிர்பாக்கறீங்க?”

அந்தப் பெண் இருபத்தைந்தாயிரம் என்று சொல்லிவிட்டாள். ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, பஸ், கல்விக் கடன் தவணை எல்லாம் கூட்டிப் பார்த்துச் சொன்ன கணக்கு. சார் சிரித்தார்.

“பணத்தைப் பாக்காதீங்கம்மா. கத்துக்கத்தானே வந்திருக்கீங்க? இங்க கிடைக்கிற எக்ஸ்போஷர் வேற எங்கயும் கிடைக்காது. நாங்க எல்லாம் ஒரு ஃபேமிலி மாதிரி.”

இதில் பொய் எதுவும் இல்லை என்பது அவளுக்கு இரண்டாவது வாரத்தில் புரிந்தது. குடும்பத்தில் வேலை செய்கிறவர்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? எட்டு மணிக்குக் கிளம்பினால் “என்னம்மா, ஹாஃப் டேயா?” என்று கேட்பதும் குடும்பப் பாசம்தான். இரவு பதினோரு மணிக்கு அலுவலகச் செலவில் பரோட்டா வரும். ஓவர்டைம் என்ற சொல்லை அந்தக் கட்டடத்தில் யாரும் உச்சரித்ததில்லை, பரோட்டாவே ஓவர்டைம்.

அவளாவது வேலைக்குச் சேர்ந்தாள். இன்னொரு பையனிடம் ‘சின்ன டெஸ்ட்’ என்று சொல்லி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பங்களாவுக்கு எலிவேஷன், இரண்டு ஆப்ஷன், மூன்று நாளில் வேண்டும் என்று கேட்டார்கள். கொடுத்தான். பதில் வரவில்லை. சில மாதம் கழித்து அந்த அலுவலகத்தின் இன்ஸ்டாகிராமில் தன் ஜன்னலைத் தானே பார்த்தான். லைக் போட்டானா என்று நான் கேட்கவில்லை.

இவ்வளவு பொறுமையை ஒரே நாளில் யாருக்கும் ஊட்டிவிட முடியாது. அதற்குத்தான் ஐந்தாண்டுப் படிப்பு. ‘நாட்டா’ நுழைவுத் தேர்வு எழுதி உள்ளே வந்த நாளிலிருந்து பயிற்சி தொடங்குகிறது. மூன்று ராத்திரி கண்விழித்து, கட்டரில் விரலை அறுத்துக்கொண்டு செய்த மாடலின் கூரையை, வெளியிலிருந்து வந்த ஜூரி ஒருவர் பிய்த்துக் கீழே வைத்துவிட்டு “இப்பதான் ஸ்பேஸ் மூச்சு விடுது” என்பார். பிள்ளை தலையாட்ட வேண்டும். தூங்காதது இங்கே பெருமை. அதை டீ-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். பீஸ் எப்படிக் கேட்பது, ஒப்பந்தம் எப்படி எழுதுவது என்பதற்கும் ஒரு பேப்பர் உண்டு. புரொஃபஷனல் பிராக்டிஸ் என்று பெயர். தீசிஸ் கழுத்தை நெரிக்கும் நேரத்தில் வரும். முதல் நாள் ராத்திரி புரட்டிவிட்டு எல்லோரும் பாஸ் ஆகிவிடுவார்கள். வாழ்நாள் முழுக்கச் சோறு போட வேண்டிய பாடம் அது ஒன்றுதான்.

நடுவில் ஒரு செமஸ்டர் அலுவலகப் பயிற்சி. அந்த செமஸ்டருக்கான கட்டணத்தைக் கல்லூரி வாங்கிக்கொள்ளும். அலுவலகம் வேலையை வாங்கிக்கொள்ளும். பல இடங்களில் ஸ்டைபண்ட் பெட்ரோலுக்குக்கூடக் காணாது. சில இடங்களில் அதுவும் கிடையாது. ஊரிலிருந்து அப்பா பணம் அனுப்புவார். முதலாளிக்கு வேலை நடக்கத் தொழிலாளியின் தகப்பன் சம்பளம் கொடுக்கும் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரிந்தால் சிலை வைக்கலாம். வடிவமைத்துக் கொடுக்கத்தான் இன்டர்ன்கள் இருக்கிறார்களே, சும்மாவே செய்வார்கள்.

இதைக் கேட்டால் சார் கோபப்பட மாட்டார். கதை சொல்லுவார். பி.வி. தோஷி பாரிஸில் லெ கார்புசியேவிடம் முதல் எட்டு மாதம் சம்பளமில்லாமல் வேலை பார்த்தாரே, தெரியுமா? தெரியும் சார். அந்த தோஷிதான் 2018இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு வாங்கிய முதல் இந்தியர் என்பதும் தெரியும். ஆனால் தோஷிக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் கார்புசியே. பலகையில் இருந்தது சண்டிகர். எங்கள் பையனுக்கு எதிரே இருப்பவர் நீங்கள்; திரையில் இருப்பது பல்லாவரம் டூப்ளெக்ஸின் டாய்லெட் டீடெய்ல். பட்டினி கிடந்த மேதைகளின் கதையைச் சொல்லிப் பட்டினியை மட்டும் வாரிசுக்குக் கொடுக்கிறீர்களே, மேதைமையை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

சார் சொல்ல மறந்த கதை இன்னொன்று உண்டு. அமெரிக்காவில் ஃபிராங்க் லாய்ட் ரைட் 1932இல் டாலீசினில் ஒரு குருகுலம் தொடங்கினார். சேரும் சீடர்கள் ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும். கட்டிவிட்டு வயலில் உழ வேண்டும், சமைக்க வேண்டும், கட்டடம் கட்ட வேண்டும், மிச்ச நேரத்தில் வரைய வேண்டும். உலகமே பெருமந்தத்தில் மூழ்கியிருந்த ஆண்டு அது. ரைட் மாமேதை, சந்தேகமில்லை, கணக்கிலும் மேதை. நம் ஊரில் வேலைக்குச் சேரக் கட்டணம் வாங்கும் வழக்கம் பரவலாகவில்லை. இதைப் படித்துவிட்டு யாராவது தொடங்கினால் பழி என்மேல்.

சரி, ஆர்க்கிடெக்ட் என்ற பட்டத்துக்காவது மரியாதை உண்டா? உண்டு, சட்டத்திலேயே உண்டு. 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்யாத எவரும் அந்தப் பட்டத்தைப் பெயரோடு போட்டுக்கொள்ளக் கூடாது. மீறினால் முதல் முறை அபராதம் 500 ரூபாய் வரை என்று அந்தச் சட்டத்தில் எழுதினார்கள். 1972இல் 500 ரூபாய் பெரிய பணம். இன்று ஒரு பெரிய ஷீட்டைக் கலரில் நாலைந்து பிரிண்ட் எடுத்தால் தீர்ந்துவிடும்.

2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மிச்சத்தையும் தெளிவாக்கிவிட்டது. நொய்டா ஆணையத்தின் பதவி உயர்வு தொடர்பான வழக்கு. அந்தச் சட்டம் தடுப்பது பட்டத்தைப் பயன்படுத்துவதைத்தான், கட்டட வடிவமைப்பு வேலையைப் பதிவில்லாதவர்கள் செய்வதை அது தடுக்கவில்லை என்பது தீர்ப்பு. சட்டத்தில் இருப்பதைத்தான் நீதிபதிகள் படித்துச் சொன்னார்கள். பதிவில்லாத டாக்டர் ஊசி போட்டால் உள்ளே போவார். பதிவில்லாதவர் பத்து மாடிக்குப் பிளான் போடலாம், விசிட்டிங் கார்டில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். கார்புசியேவுக்கே கட்டடக்கலைப் பட்டம் கிடையாது, டடாவ் ஆண்டோ குத்துச்சண்டை போட்டுக்கொண்டிருந்தவர், இலங்கையின் ஜெஃப்ரி பாவா வக்கீலாக இருந்துவிட்டு 38 வயதில் ஆர்க்கிடெக்ட் ஆனவர். மேதைகளுக்குப் பட்டம் வேண்டாம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்தாண்டும் ஏழெட்டு லட்சமும் செலவழித்து வாங்கிய பட்டத்துக்கு இந்த நாட்டில் சட்டம் தரும் பாதுகாப்பு பெயர்ப்பலகை அளவுதான் என்பதை, கவுன்சிலிங் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெற்றோரிடம் எந்தக் கல்லூரியும் சொல்வதில்லை.

அதன் பலனை எந்தப் புறநகர்ச் சாலையிலும் பார்க்கலாம். ‘சதுர அடி இவ்வளவு. பிளான், 3டி எலிவேஷன் இலவசம்’ என்று பில்டர் போர்டு வைத்திருப்பார். மாடுலர் கிச்சனுக்குக் காசு, ஜன்னல் கிரில்லுக்குக் காசு, பூமி பூஜைக்கு வரும் ஐயருக்குத் தட்சிணை, வாசல் எந்தத் திசை என்று சொல்லும் வாஸ்து நிபுணருக்கு வாய் திறப்பதற்கு முன்பே கவர். வீட்டுக்குள் வெளிச்சமும் காற்றும் எப்படி வர வேண்டும் என்று யோசித்தவனுக்கு ஒன்றும் கிடையாது, அது இலவச இணைப்பு. “ஒரு பிளான்தானே தம்பி, கம்ப்யூட்டர்ல தட்டினா வந்துரும்” என்று, எண்பது லட்சத்துக்கு வீடு கட்டும் மனிதர் எண்பது ரூபாய் காபியைக் குடித்துக்கொண்டே சொல்லுவார்.

பீஸ் வராததால்தான் சம்பளம் தர முடியவில்லை என்று சார் சொல்வது இதனால்தான். சின்ன அலுவலகம் நடத்தும் பலருக்கு அது உண்மை. மூன்றாவது தவணையைக் கிளையண்ட் விழுங்கிவிட்டுப் போனை எடுக்காமலிருப்பதும், வாடகைக்கு மனைவியின் நகை அடகுக்குப் போவதும் எனக்குத் தெரியும். அவர்களிடம் எனக்குச் சண்டையில்லை. ஆனால் கிளையண்டிடம் ஏமாந்தவர் செய்கிற முதல் வேலை கிளையண்டின் மேல் வழக்குப் போடுவது அல்ல, ஜூனியரின் சம்பளத்தை நிறுத்துவது. வாங்க வேண்டிய இடத்தில் வாய் வராதவருக்குக் கொடுக்க வேண்டிய இடத்தில் மட்டும் தத்துவம் வருகிறது. பெரிய அலுவலகங்களுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. ஐ.டி. பார்க் கட்டுகிறவர்கள், மால் கட்டுகிறவர்கள், விருது மேடையில் ‘மனித அளவிலான வெளிகள்’ பற்றி உரையாற்றுகிறவர்கள் தங்கள் அலுவலகத்தில் மனிதருக்கு வைத்திருக்கும் அளவு, நாற்காலி ஒன்று, பிளக் பாயிண்ட் ஒன்று.

ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. நல்ல காரியம். ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருப்பதற்கு ஒரு திருத்தம் வந்தால் அதையும் வரவேற்கலாம். கட்டுமானத் தொழிலாளர்களுக்கு இங்கே 1994 முதல் நலவாரியம் இருக்கிறது. ஓட்டை ஒடிசல் ஆயிரம் இருந்தாலும் ஓர் அட்டை, ஒரு விண்ணப்பம், ஓய்வூதியம் என்று கேட்க ஒரு கதவாவது உண்டு. வரைகிற தொழிலாளிக்கு அதுவும் இல்லை. அவனைத் தொழிலாளி என்று சொன்னால் முதலில் சண்டைக்கு வருபவன் அவனேதான். “நான் டிசைனர் சார்.”

பி.ஆர்க் வகுப்பில் முன் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை பெண் பிள்ளைகள்தான். பத்தாண்டு கழித்து அலுவலகப் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள், எத்தனை பேர் மிச்சம்? எங்கே போனார்கள் என்று கருத்தரங்கு நடத்துகிறார்கள். கருத்தரங்கு தேவையில்லை, சைட்டுக்குப் போனால் போதும். பதினான்கு மாடிக்கு டாய்லெட் டீடெய்ல் வரைந்தவள், கான்கிரீட் போடும் நாளன்று காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் நிற்பாள். அவள் போக அங்கே ஒரு கழிப்பறை கிடையாது. கட்டுமான இடத்தில் கழிப்பறை இருந்தாக வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. சித்தாள் பெண்கள் மறைவிடம் தேடி ஒதுங்குவதை அவளும் பார்க்கிறாள். கையிலிருக்கும் ஷீட்டில் ஆறு மாடலில் வாஷ்பேசின். கல்யாணம், குழந்தை என்று காரணம் எழுதிக்கொள்கிறது உலகம்.

வேலை கிடைக்காதவர்களுக்கும் கிடைத்து நொந்தவர்களுக்கும் ஒரு புகலிடம் உண்டு: வாத்தியார் உத்தியோகம். எம்.ஆர்க் முடித்து, தனக்குக் கிடைக்காத வேலைக்கு அறுபது பேரைத் தயார் செய்யலாம். பக்கத்து அறையில் ஆய்வு நாளன்று மட்டும் தரிசனம் தரும் பேராசிரியரின் பெயர்ப்பலகை தொங்கும். அறை பூட்டியிருக்கும். அவருடைய கவுன்சில் பதிவு எண்ணுக்கு மாதாமாதம் ஏதோ போகிறது என்பார்கள். இந்தத் துறையில் வரைகிற கையைவிடப் பதிவு எண்ணுக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறது.

வெளிநாட்டில் எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. 2019இல் லண்டன் செர்பென்டைன் காலரி தன் கோடைக்காலப் பெவிலியனை வடிவமைக்க ஜப்பானின் ஜுன்யா இஷிகாமியை அழைத்தது. அவர் அலுவலகத்தில் இன்டர்ன்களுக்குச் சம்பளமில்லை, வாரம் ஆறு நாள், காலை பதினொன்றிலிருந்து நள்ளிரவு வரை வேலை, கம்ப்யூட்டரையும் சாஃப்ட்வேரையும் நீங்களே கொண்டுவர வேண்டும் என்ற விவரம் வெளியே வந்தது. படிக்கும்போது நம் ஊர் ஞாபகம் வந்து கண் கலங்கியது. ஆனால் அங்கே ஊர் சிரித்தது. பெவிலியனில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்று காலரி உத்தரவிட்டது. பிரிட்டனின் ஆர்க்கிடெக்டுகள் அமைப்பான ரீபா, தன்னிடம் பதிவான அலுவலகங்கள் மாணவர்களைச் சம்பளமில்லாமல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2011இலேயே விதி போட்டிருந்தது. அந்த விதியால் லண்டனில் கட்டடம் எதுவும் சரியவில்லை.

நம்மிடம் விதி இல்லையா என்றால், இருக்கிறது. அதுதான் எரிச்சலே. கவுன்சிலின் தொழில் ஒழுக்க ஒழுங்குமுறைகள் 1989இல் வந்தன. ஆர்க்கிடெக்ட் தன் ஊழியர்களுக்குத் தகுந்த பணிச்சூழலைத் தர வேண்டும், நியாயமான ஊதியம் தர வேண்டும், அவர்கள் தொழிலில் வளர உதவ வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. கிளையண்டிடம் கவுன்சில் வகுத்த கட்டண விகிதப்படி பீஸ் வாங்க வேண்டும் என்பதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. கட்டணத்தைப் பற்றிய வரி எல்லா சாருக்கும் மனப்பாடம். ஊதியத்தைப் பற்றிய வரியை அவர்களில் எத்தனை பேர் படித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நியாயம் என்றால் எத்தனை ரூபாய் என்று அந்த வரி சொல்லவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் ஒரு தலைமுறையையே உட்கார வைத்து ரெண்டர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கவுன்சிலுக்கு ஒரு விண்ணப்பம்: அந்த வரிக்கு எதிரே ஒரு தொகையை எழுதுங்கள், இன்டர்னுக்குத் தனியாக, பட்டதாரிக்குத் தனியாக. எழுதும் வரை, வேலை தேடிக் கிளம்பும் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. அந்த விதியை அச்சடித்து, போர்ட்ஃபோலியோவில் முதல் பக்கமாக வையுங்கள். மீனவர் குடியிருப்பு இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்கட்டும்.